நிலவறையில் கிடந்த பாட்டு

1969-ம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் இரண்டு இசை விழாக்கள் நடந்தன. ஒன்று உட்ஸ்டாக். 4 லட்சம் பேர் கூடினார்கள். மறு வருஷமே படம் வெளிவந்து உலகமெல்லாம் ஓடியது. மற்றொன்று நியூயார்க் நகரில், கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில் நடந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், டிக்கட் கிடையாது, சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள். இதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்?

படம் பிடிக்காமல் இல்லை, தோழர்களே! ஹால் டல்ச்சின் என்பவர் பிடித்தார். விளக்குக்குப் பணமில்லை, மாலை வெயில் விழும்படி மேடையை மேற்கு நோக்கி அமைத்தார்கள். டெலிவிஷன் முதலாளிகளோ ஓரிரு நிகழ்ச்சிகளோடு கையை விரித்துவிட்டார்கள். சுமார் 40 மணி நேரப் படச்சுருள் ஐம்பது ஆண்டுகள் நிலவறையில் கிடந்தது. இருட்டடிப்பு என்பது இதுதான். 2017-ல் டல்ச்சின் இறந்தார். 2021-ல்தான் க்வெஸ்ட்லவ் என்ற இசைக் கலைஞர் அதைத் தொகுத்து, ‘சம்மர் ஆஃப் சோல்’ என்று வெளியிட்டார். மறு ஆண்டு ஆஸ்கார் பரிசும் வந்தது!

ஜூலை 20. அன்றுதான் மனிதன் சந்திரனில் இறங்கினான். எப்படியிருக்கிறது என்று ஹார்லெம் மக்களைக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இங்கே பசித்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்கிறார்கள். ராக்கெட் விடுவது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் காலி வயிற்றின் கணக்கு வேறு.

மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் சேர்ந்து பாடும் இடம்தான் படத்தின் உயிர். மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பிடித்த பாட்டு அது. முந்திய ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி மெம்பிஸில் சுட்டுக் கொல்லப்படுவதற்குச் சற்று முன்புகூட அதை வாசிக்கச் சொல்லியிருந்தார். மெம்பிஸுக்கு அவர் ஏன் போனார்? குப்பை லாரிக்குள் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். 1300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போனார். இந்த இடத்தில் படம் இன்னும் சற்று நின்றிருக்க வேண்டும். இது என் குறை.

விழாவுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒரு காப்பிக் கம்பெனியும் உண்டு. தர்மத்துக்கா கொடுத்தான்? காப்பி விற்கத்தான்! காவல் நின்றவர்களோ கறுப்புச் சிறுத்தைகள் கட்சி இளைஞர்கள்.

அன்று சிறுவனாக வந்திருந்த ஒருவருக்கு அந்தக் காட்சிகளை இப்போது போட்டுக் காட்டுகிறார்கள். அவர் அழுகிறார். அப்படியொரு விழா நடந்ததா, தான் கனவு கண்டோமா என்ற சந்தேகம் இத்தனை காலமும் அவருக்கு இருந்திருக்கிறது.