சதுர அடிக்குள் ஒளிந்திருக்கும் விலை

சென்னைப் புறநகரில் கட்டி முடித்த அடுக்ககத்தில் வீடு வாங்கச் செல்வோர், "சதுர அடிக்கு நூறு ரூபாய் குறையுங்கள்" என்றே பேச்சைத் தொடங்குகின்றனர். கட்டுநரும் சற்றுத் தயங்கிக் குறைத்துவிடுவார். அவருக்கு அதில் பெரிய இழப்பில்லை.

அவர் கூறும் 1,000 சதுர அடியில் படிக்கட்டும் பொது நடைவழியும் அடக்கம். சுவர்களுக்குள் நீங்கள் பாய் விரிக்கும் இடம் 700 எனக் கொள்வோம். சதுர அடி 6,000 ரூபாய் என்றால் உண்மையில் உங்கள் தலையில் விழுவது 8,571 ரூபாய். ஆகவே, கார்ப்பெட் ஏரியா என்னும் உள்பரப்பை முதலில் கேளுங்கள், பேரம் பிறகு. பணி நிறைவுச் சான்றிதழ் பெற்ற பின்னர் முழுத் தொகையும் செலுத்தி வாங்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பட்டியலில் அது இருப்பின் நீக்கச் சொல்லுங்கள்.

வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்க்கும் நம் குடும்பத்தார் மொத்தப் பணத்துடன் செல்கின்றனர். பேரத்தில் அது பெரும் பலம்தான். ஆனால், கடன் தரும் வங்கி செய்கின்ற பத்திரப் பரிசோதனை நமக்கு இல்லையே! தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும்.

கணவர் வளைகுடாவில் இருக்க, நகை விற்ற பணத்தை வெறும் ரசீதுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இன்றி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் பெறலாகாது. வாய்மொழியாக வாக்களித்த வாகன நிறுத்துமிடமும் அவ்வொப்பந்தத்திலேயே எழுதப்படட்டும்.