வருஷமில்லாத ஜெயந்தியும் வருஷமுள்ள நாளும்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். ராம நவமி, கோகுலாஷ்டமி என்று பிறந்த நாள்களுக்குக் குறைவில்லை. பிறந்த வருஷம் எது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. மாமல்லபுரக் கடற்கரையிலும் இதே கதைதான். பல்லவர் காலத்துக் கல்தச்சர்கள் உளி தேயச் செதுக்கிய பாறைகளுக்குப் பஞ்ச பாண்டவர் ரதமென்று பெயராம்! உழைத்தவன் ஒருவன், பேர் வாங்குகிறவன் வேறொருவன்.

பக்கத்திலுள்ள செங்கல்பட்டுக்கோ வருஷத்தோடு கூடிய நாளே உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதல் மாகாண சுயமரியாதை மகாநாடு அங்கே கூடிற்று. ஜாதிப் பட்டத்தை விடவேண்டும், பெண்ணுக்கு 16 வயதுக்கு முன் மணம் கூடாது, ஆணைப் போலவே பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதே வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் செய்த சட்டமோ பெண்ணுக்கு 14 வயதே போதுமென்றது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005 ஆயிற்று.

ஆனால், அந்த நாளில் படத்துக்கு மாலை போட்டுவிட்டால் போதுமா என்று நாம் கேட்கின்றோம். மேடையேறிப் பெண்ணுரிமை பேசிவிட்டு, மறுவாரமே ரிஜிஸ்தர் ஆபீசில் தங்கையிடம், "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறவர் நம்மிலேயே இல்லையா? அப்படிப்பட்டவருக்கும், இருந்தபோது கஞ்சி ஊற்றாமல் செத்தபின் திதி கொடுக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்? பிப்ரவரி 17 நமக்குத் திருவிழா அல்ல, கணக்குப் பார்க்கும் நாள். முதலில் தங்கையின் பங்கைக் கொடுங்கள். மாலையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.