சிப்பிகாட்டில் தொடங்கட்டும் பௌதிகம்!



முதலாண்டு பௌதிக வகுப்பு எப்படி நடக்கிறது? கரும்பலகையில் சூத்திரம் ஒன்று தோன்றுகிறது, ஏட்டில் எழுதிக்கொள்கிறோம். பரீட்சை வருகிறது, அதையே திருப்பி எழுதுகிறோம். தேர்ச்சியும் பெறுகிறோம். பௌதிகம் மட்டும் நம்மிடம் வந்து சேர்வதில்லை!

இது பிறர்மேல் சுமத்தும் பழியன்று. என் சொந்தக் கதை. ‘குறிப்பாயம்’ என்னும் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். எந்த அசைவையும் வேறொன்றை நிலையாகக் கொண்டே அளக்கிறோம் என்று பிழையின்றி எழுதியவன். ஒருநாள் சிப்பிகாட் வழியே பேருந்தில் சென்றபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: “தம்பி, சுனாமியில் ஏறி வந்த கடல், எங்கள் வயலைவிட்டு ஏன் இன்னும் திரும்பிப் போகவில்லை?” வாயடைத்துப் போனேன்.

விடை என் ஏட்டிலேயே இருந்தது! 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பேரலை வந்து போயிற்று. தாழ்ந்த நிலமோ தாழ்ந்தபடியே நின்றது. நெல் விளைந்த வயல்களில் ஓதநீர் புகுந்தது. கடல் ஏறவில்லை, நிலம் இறங்கியது.

கரையில் நிற்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எப்படிப் பிரித்தறிவது? வேறோர் இடத்தையும் பார்க்க வேண்டும். அதே நிலநடுக்கத்தில் வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப் பாறைகள் நீருக்கு மேலே வந்தன. கடல்தான் உயர்ந்தது என்றால் அங்கே மட்டும் எப்படித் தாழ்ந்தது? இதுவன்றோ குறிப்பாயம்!

அலையின் பாடமும் அப்படியே. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுனாமியின் வேகம் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36. முன்னே செல்வது தளர, பின்னே வருவது நெருக்க, அலை உயர்கிறது. இதை அறிந்தவன் அந்தச் சூத்திரத்தை மறப்பானா?

“பாடத்திட்டம் பெரிது, காலம் சிறிது” என்பார்கள். உண்மைதான். சூத்திரம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. கேள்வி முன்னே வரட்டும், சூத்திரம் பின்னே வரட்டும் என்கிறேன். அந்த முதற் கேள்வி தாய்மொழியில் எழட்டும். தமிழ் வழியில் பயின்று வந்த தம்பி தங்கையர் கலைச்சொல்லைக் கண்டு மருள்வது அறிவுக்குறையால் அன்று. சொல்லுக்குப் பின்னுள்ள பொருளை எவரும் காட்டாததால்.

நம் சங்கம் ஒன்று செய்யலாம். புதிதாகச் சேர்ந்தோரை ஒரு விடுமுறை நாளில் சிப்பிகாட்டுக்கு அழைத்துச் செல்வோம். நீரில் ஓர் அளவுகோலை நட்டு, மணிக்கொரு முறை நீர்மட்டத்தைக் குறிக்கச் செய்வோம். ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று அவர்களே கேட்கட்டும். பிறகு வகுப்புக்குப் போகட்டும்.

அந்தப் பெரியவருக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. நமக்குப் பின் வருபவர்களாவது சொல்லட்டும்!