ஏரி ஒன்று, இலாகா மூன்று!

ஏரி என்றதும் விவசாயிக்கு மடையும் மதகும் பாசன வாய்க்காலும் நினைவுக்கு வரும். பழவேற்காடு ஏரிக்கு மதகும் இல்லை, ஆயக்கட்டும் இல்லை. அதன் நீர் உப்புநீர், வயலுக்கு உதவாது. ஆயினும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சோறு போடுவது அந்த ஏரிதான். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள சுண்ணாம்புக்குளமும், அதையடுத்த மீனவர் ஊர்களும் இதற்கு நல்ல உதாரணங்கள். மீன்பாடு, மானாவாரிச் சாகுபடி, பனையோலைப் பின்னல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இங்கே ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும். இவற்றுள் ஒன்றைக் காப்பாற்றி மற்ற இரண்டைக் கைவிட்டால் மூன்றும் கெடும் என்பதை அரசு இலாகாக்கள் உணர வேண்டும்.

ஏரியின் இயல்பு

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அமைந்திருக்கிறது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு குறையும், கோடையில் ஏறும்.

இந்த ஏற்ற இறக்கத்தை நம்பியே இறால் வாழ்கிறது. தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத சேற்றுப் பகுதியில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரம் மணலால் அடைபட்டால், கடைமடைக்குத் தண்ணீர் வராத விவசாயியின் நிலைதான் மீனவருக்கும். வாய்க்கால் தூர்வாருவது எவ்வளவு அவசியமோ, முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும் அவ்வளவு அவசியம்.

பாடு என்னும் முறை

பாசனத்தில் முறைப்பாசனம் இருப்பதுபோல இந்த ஏரியில் ‘பாடு’ என்ற ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைக் குறித்து, தலைக்கட்டுவாரியாகச் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று பழவேற்காட்டைச் சேர்ந்த சில மீனவர் ஊர்கள் தலைமுறைகளாக முறை வைத்து வருகின்றன. வலுத்தவன் வளைத்துப் போட இதில் இடமில்லை. வலைக்கு ஓய்வும் கிடைக்கிறது, இறாலுக்கு மூச்சுவிட நேரமும் கிடைக்கிறது.

இதில் குறையும் உண்டு. பாட்டில் பேர் இல்லாத ஊர்களுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை. வலையே இல்லாமல், இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. பாடு முறையை ஒழிப்பது இதற்குப் பரிகாரமாகாது. விடுபட்டவர்களுக்கும் உரிமை எழுதி வைப்பதே பரிகாரம்.

பனையும் பெண்களும்

கடல் கொந்தளிக்கும் நாட்களிலும், மீன்பாடு ஓய்ந்த மாதங்களிலும் வீட்டில் காசு புரளச் செய்வது பனையோலை. பழவேற்காட்டுப் பெண்கள், குறிப்பாக முஸ்லிம் குடும்பப் பெண்கள், குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சீராகக் கிழித்து, சாயம் தோய்த்துக் கூடைகளும் பெட்டிகளும் பின்னுகிறார்கள். முதலீடு குறைவு. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யும் வேலை. ஆனால் பின்னுகிறவர் கைக்கு வரும் கூலிக்கும் பட்டணத்துக் கடையில் ஒட்டியிருக்கும் விலைக்கும் உள்ள தூரம் அதிகம்.

பனைக்கும் ஆபத்து வந்தது. செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் மரங்கள் சாய்க்கப்பட்டன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021ல் விதித்தது நல்ல காரியம். விவசாயிகளும் வரப்போரத்தில் பனங்கொட்டை ஊன்றலாம். குருத்து வெட்டுவோர் ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டாமல், மரம் தேறும்வரை விட்டு வெட்ட வேண்டும்.

பனிக்கால விருந்தாளிகள்

ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை ஏரியில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை வடிகட்டி, நுண்ணிய பாசியையும் சிற்றுயிர்களையும் தின்பவை இவை. ஊசிவால் வாத்து, உள்ளான், கூழைக்கடா எல்லாம் உடன் வருகின்றன. ஏரியின் தமிழகப் பகுதி 1980ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பறவை மீனைத் தின்றுவிடுகிறது என்று குறைபடுவோர் உண்டு. பூநாரை கால் ஊன்றி இரைதேடும் ஆழமற்ற சேறுதான் இறால் குஞ்சும் வளரும் இடம். பறவை இறங்காத சேறு நாளைக்கு இறாலையும் தராது. மதுராந்தகம் பக்கத்து வேடந்தாங்கல் விவசாயிகள் இதை முன்பே அறிந்தவர்கள். எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரம் என்று கண்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அன்றைய கலெக்டரிடம் உத்தரவு பெற்றுப் பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள்.

பண்ணைகள் தந்த பாடம்

1990களின் தொடக்கத்தில் இறால் பண்ணை மோகம் கடற்கரையெங்கும் பரவியது. அன்னியச் செலாவணி வருகிறது, வேலை கிடைக்கிறது என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் குட்டையில் தேக்கிய உப்புநீர் பக்கத்து நெல்வயலிலும் குடிநீர்க் கிணற்றிலும் இறங்கியது. 1994, 95ல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது போட்ட பணம் போயிற்று. உப்பேறிய மண் மட்டும் மிஞ்சியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் குட்டை கூடாது என்று அத்தீர்ப்பு பேர் சொல்லியே விலக்கியது. பின்னர் 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனி ஆணையமும் சட்டமும் வந்தன. சட்டம் எதுவானாலும், ஏரிக்கரை நிலத்தை உப்பாக்கி எடுக்கும் லாபம் குத்தகைக்காரருக்கு. நஷ்டம் ஊருக்கு என்பது கண்ட உண்மை.

வடகடல் தீவுகளின் அனுபவம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளிலும் இதே பிழைப்புதான். சில ஏக்கர் நிலம், சில ஆடுகள், பொது மேய்ச்சல், ஆண்களுக்கு மீன்பிடிப்பு. முதுகில் எரிகரி சுமந்து நடக்கும்போதுகூடப் பெண்கள் கம்பளி பின்னினார்கள். ஆனால் பின்னிய உடுப்புக்கு வியாபாரி காசு தரவில்லை. தேயிலையும் துணியும் தந்து கணக்கை முடித்தான். இதை விசாரிக்க 1872ல் அரசு விசாரணையே நடந்தது. 1886ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தின் சிறுகுடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாதபடி காப்பளித்து, நியாயமான வாரத்தையும் வாரிசு உரிமையையும் உறுதி செய்தது. அங்குள்ள ஃபேர் தீவில் 1948ல் பறவை ஆய்வு நிலையமும் ஏற்பட்டது. இன்று அத்தீவின் பின்னல் வேலையும் பறவைகளும் உலகப் பிரசித்தம். கூலியும் உரிமையும் முதலில் நிலைபெற்றன. பெயரும் புகழும் அதன்பின் வந்தன.

செய்யத்தக்கவை

பழவேற்காட்டில் வலையை மீன்வளத் துறை பார்க்கிறது. பறவையை வனத்துறை பார்க்கிறது. ஓலைப் பின்னலைக் கைத்தொழில் துறை பார்க்கிறது. மூன்றும் ஒரே வீட்டில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. இரு மாநில அதிகாரிகளும் ஊர்ப் பிரதிநிதிகளும் சேர்ந்து அமரும் ஒரே குழு தேவை. பாடு உரிமையையும் கைப்பிடி இறால் உரிமையையும் எழுத்தில் பதிய வேண்டும். முகத்துவாரப் பராமரிப்பு ஆண்டுதோறும் நடக்க வேண்டும். ஓலைப் பொருளைக் கூட்டுறவு மூலம் ரொக்க விலைக்கு வாங்க வேண்டும். பூநாரை பார்க்க வருவோர் தரும் படகுக் கட்டணம் ஊர் மீனவருக்கே சேர வேண்டும். சரணாலயம் என்ற பெயரில் வலைக்காரரை விரட்டுவதும், வளர்ச்சி என்ற பெயரில் சரணாலயத்தைச் சுருக்குவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

விவசாயிகளுக்கும் பங்கு உண்டு. ஆரணியாற்றுப் படுகையில் தெளிக்கும் பூச்சிமருந்தின் மிச்சம் மழையோடு ஏரிக்கே போய்ச் சேர்கிறது. தேவையறிந்து, அளவறிந்து தெளிப்பது தம் செலவையும் குறைக்கும், மீனவர் வலையையும் காக்கும்.

சுண்ணாம்புக்குளத்து இளைஞர்களுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. விரும்பிப் போகிறவர் போகட்டும். ஏரி பொய்த்ததால் போக நேர்வது வேறு. அந்த நிலை வராமல் தடுக்க இப்போதும் அவகாசம் இருக்கிறது.