நத்தத்தில் எரிந்த சான்றிதழ்கள்

மேடை கிடைத்தால் போதும், நம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல ஆள் வந்துவிடுகிறார்கள். "நல்லா படிங்க, பெருசா கனவு காணுங்க, வறுமை ஒரு தடையே இல்லை" என்பார்கள். பொன்னாடையை வாங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விடுவார்கள். தர்மபுரி மாவட்டத்தில் நின்று இப்படிப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நத்தம் காலனி ஞாபகம் இருக்கிறதா?

2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கத்திலுள்ள நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளுக்குள் சாதிவெறிக் கும்பல் புகுந்தது. 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. நம் தம்பி இளவரசன் வன்னியர் சமூகப் பெண்ணைக் காதலித்து மணந்ததுதான் காரணம் என்றார்கள். ஒரு கல்யாணத்துக்கு மூன்று ஊரை ஏன் எரிக்க வேண்டும்? பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து நம் மக்கள் கட்டிய வீடும் வாங்கிய பைக்கும் எரிந்தன. அவற்றோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் பாடப்புத்தகங்களும் சாம்பலாயின. ஊர்த்தெருவில் கூலிக்குக் கைகட்டி நிற்காமல் சேரி நிமிர்ந்ததைத்தான் அவர்களால் சகிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் ரயில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம்.

வறுமையைத் தாண்டி வந்தவர்களின் வீட்டைத்தான் எரித்தார்கள். சாதியைப் பற்றி வாய் திறக்காமல் கனவு காணச் சொல்வது, பாதி உண்மையை மட்டும் பிள்ளையிடம் சொல்வது.

"அப்புறம் படிச்சு என்னண்ணா பிரயோஜனம்?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். தீ வைத்தவன் எதிர்பார்ப்பதும் இந்தக் கேள்வியைத்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது. மாநிலம் 80 சதவீதம், தர்மபுரி 68.5. நம் பிள்ளைகள் பள்ளியை விட்டால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

அதே நவம்பர் 7க்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1900ஆம் ஆண்டு அந்த நாளில்தான் சாத்தாராவில் ஒன்பது வயது அம்பேத்கர் அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். மகாராஷ்டிரத்தில் அதை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தனியாகக் கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு ஓடவில்லை. பின்னாளில் நமக்குக் கற்பி என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் இல்லை. போராடு, ஒன்றுசேர் என்றும் சொன்னார். மேடைப் பேச்சாளர்கள் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கழற்றிவிட்டார்கள்.

தோழர்களே, நம் வேலை அந்த மற்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. உங்கள் காலனியில் பத்தாவது முடித்ததும் பெங்களூர் பஸ் ஏறத் தயாராகும் பையன் யார்? பதினெட்டு ஆவதற்குள் மாப்பிள்ளை பார்க்கும் பெண் யார்? அந்த வீட்டுப் படியேறுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே கல்வி உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, இதில் ஒன்று குறைந்தாலும் பணம் வராது. கைநாட்டு வைக்கும் அம்மாவுக்கு இ-சேவை மையம் புரியாது. நீங்கள் கூடப் போங்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். சின்ன வயதுக் கல்யாணம் என்றால் 1098க்குப் போன் போடுங்கள். விண்ணப்பத்தை இழுத்தடித்தால் பத்துப் பேராகத் திரண்டு அலுவலகத்தில் போய் உட்காருங்கள்.

இந்த நவம்பர் 7 அன்று மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் போடுவதோடு முடிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய் விடும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் சான்றிதழ்களை டிஜிலாக்கரிலும் ஏற்றி வையுங்கள். அடுத்த முறை எவன் தீப்பந்தம் தூக்கினாலும் அவை எரியக் கூடாது.

ஜெய்பீம்.