நீர்க்கடுப்பும் அலமாரியில் மீந்த மாத்திரைகளும்



பருவ வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி நம் வீடுகளில் வாய் திறப்பதே இல்லை. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல். அடிக்கடி போகவேண்டும் என்னும் உந்துதல். போனாலோ சொட்டுச் சொட்டாய் வரும். பாட்டிமார் இதனை நீர்க்கடுப்பு என்பர். உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பர். மலாய்க்காரர்கள் 'கென்சிங் கோத்தோர்', அஃதாவது அழுக்குச் சிறுநீர் என்பர். நீர் நிறையப் பருகுவது நன்றே. ஆனால் இது சூடும் அன்று, பிள்ளையின் அழுக்கும் அன்று. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிர் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடுவதே காரணம். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் மிகக் குறுகியது. வளர்ந்தவர்களுக்கே ஏறத்தாழ 4 செண்டிமீட்டர்தான். "சுத்தமாக இருந்தால் ஏன் வருகிறது?" என்று ஏசினால், அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள்.

என் மனக்குறை மருந்தைப் பற்றியது. ஆன்டிபயாட்டிக் என்றாலே அஞ்சும் பெற்றோர் உளர். எதற்கெடுத்தாலும் அதனைக் கேட்டு வாங்குவோரும் உளர். இரண்டாமவர் வீட்டு அலமாரியில் மாத்திரை எப்போதும் மீந்திருக்கும். அக்காள் பாதியில் நிறுத்தியது தங்கைக்குப் போகும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி இம்மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்றல் கூடாது. சட்டம் மருந்தகத்தோடு நின்றுவிடுகிறது. அலமாரியைக் காக்க வேண்டியவர் நாம்தான்.

தொண்டை வலிக்குக் கொடுத்த அமொக்சிசிலின் நீர்க்கடுப்புக்கும் உதவும் என நினைப்பது தவறு. ஈ.கோலை கிருமிகளுள் பல அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டன. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் மருந்து உண்பது கிருமியைப் பழக்கிவிடும் என எச்சரித்தார். 

எனவே முதலில் செய்யவேண்டியது சிறுநீர்ச் சோதனை. மாத்திரை தொடங்கும் முன்பே, நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மாத்திரை உண்டபின் கொடுத்தால் கிருமி தெரியாமற் போகலாம். காய்ச்சலோ பிற சிக்கலோ இல்லாத எளிய தொற்று எனில், சிகிச்சை நாம் அஞ்சும் அளவு நீண்டதன்று. மருந்தைப் பொறுத்துப் பொதுவாக 3 முதல் 5 நாள், சிலவற்றுக்கு 7 நாள். இவ்வளவு குறுகியதையும் இரண்டாம் நாள் எரிச்சல் நின்றவுடன் பாதியாக்குவது எவ்வகையில் சிக்கனம்? 

அடிக்கடி தரப்படும் மருந்துகளுள் ஒன்று நைட்ரோபியூரன்டோயின். உணவோடு உண்ணவேண்டும், சிறுநீர் பழுப்பு நிறமானால் அஞ்ச வேண்டா. ஆனால் ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு இம்மருந்து சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். இங்குப் பிறந்த குழந்தைகளுக்கு இக்குறைபாட்டைச் சோதிப்பது வழக்கம். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பார்த்து, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பிறர் மாத்திரையைக் கொடுக்கும் தாய்க்கு இஃதெல்லாம் எப்படித் தெரியும்?

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலா ஓரத்தில் வலி, வாந்தி ஆகியவை இருந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்க. பார்லித் தண்ணீர் காத்திருக்கட்டும். 

இன்னொன்று. வளர்ந்த மாணவியிடம் மருத்துவர் சிலவற்றைத் தனியே கேட்க விரும்புவார். மாதவிலக்கு, கருவுற்றிருக்கும் வாய்ப்பு முதலியவற்றை அறிந்தே தக்க மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அதனைக் குடும்ப மானத்தோடு முடிச்சுப் போட்டுச் சண்டைக்குப் போகாமல், வெளியே சற்று அமர்ந்திருங்கள்.

தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் மருந்தும் மீண்டும் மீண்டும்தான். இதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. சிறுநீரை அடக்குவது தொற்றுக்கு வழிவிடுகிறது. தாழ்ப்பாள் இல்லாத கழிவறைக்குப் போக நாணி, காலை முதல் நீரே பருகாத ஆறாம் ஆண்டு மாணவிகளை நான் அறிவேன். பாட வேளையில் அனுமதி கேட்பவளை வகுப்பின் முன் நிறுத்திக் காரணம் கேட்கும் வழக்கம் ஒழியட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் ஒதுக்கும்போது, மேடைத் திரைச்சீலைக்கு முன் கழிவறைத் தாழ்ப்பாளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஒதுக்கட்டும்.