படுத்தால்தான் காப்பீடா?

நோய் எல்லாருக்கும் வரும். ஆனால் அதே நோய் ஊருக்குள்ளே ஒரு மாதிரியும் சேரிக்குள்ளே வேறு மாதிரியும் வந்து போகிறது. ஊருக்குள் வந்த நோய் மருந்து மாத்திரையோடு போய்விடுகிறது. சேரிக்குள் வந்த நோய் போகும்போது ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறது, கம்மலைக் கழற்றிக்கொண்டு போகிறது. சில வீடுகளில் படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மில்லுக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழை ஏமாத்தினால் ஒரு வருசக் கடன். வீட்டில் ஒருத்தர் கெடையில் விழுந்தால் பத்து வருசக் கடன். நோயில் பிழைத்தவனை வட்டி விடுவதில்லை.

அதனால்தான் பாளையம்பட்டிப் பக்கம் நம் தோழர்கள் கேட்கிறார்கள்: "நம்ம மாதிரி குடும்பத்துக்குக் கொறஞ்ச காசுல ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் எது?" நியாயமான கேள்வி. இதற்குக் கம்பெனி ஏஜெண்டு ஒரு பதில் வைத்திருப்பார். அரசு விளம்பரம் இன்னொரு பதில் வைத்திருக்கும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பேசத்தான் இந்தத் தலையங்கம்.

காசு கொடுத்து வாங்குவதைப் பற்றிப் பேசும் முன், காசு கொடுக்காமலே நமக்குச் சேர வேண்டியது கைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2009 ஜூலையில் தி.மு.க. ஆட்சி கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உயர் சிகிச்சை. நடத்தியது ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். ஆட்சி மாறியதும் பெயர் மாறி, 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. பொதுத்துறையான யுனைடெட் இந்தியா நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று தொகை உயர்ந்தது. 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ஆக்கப்பட்டது. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நாம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. கட்டச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் ஏமாற்றுக்காரன்.

கார்டு வாங்க வருமானச் சான்று, ரேசன் கார்டு, ஆதார் ஆகியவை வேண்டும். இவற்றோடு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதெல்லாம் நம் தாத்தன் காலத்தோடு போகட்டும். நாம் பிச்சை கேட்கப் போகவில்லை, சான்று கேட்கப் போகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். ரேசன் கார்டில் பெயர் இருப்பவருக்குத்தான் காப்பீட்டில் இடம். புதிதாக வந்த மருமகள், போன வருசம் பிறந்த பிள்ளை, பெயர் நீங்கிப் போன கிழவி - இவர்களை முதலில் ரேசன் கார்டில் ஏற்றுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுகொண்டு அலைவதைவிட இது மேல். சந்தேகம் இருந்தால் 104க்கோ 1800 425 3993க்கோ போன் போட்டுக் கேட்கலாம், காசு கிடையாது.

தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கை போடும் முன்பே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா? இந்த வியாதிக்கும் இருக்கிறதா? கண்ணுக்குச் சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரி இருதயத்துக்குச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கார்டைக் காட்டுங்கள். அங்கே நடக்கிற சிகிச்சைக்கும் காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கு வரும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும், 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போகிற பணம் திரும்ப நமக்கே வந்து சேரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்தக் கார்டு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சில பெரிய பரிசோதனைகளைத் தவிர, இது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வேலை செய்யும். நம் சனத்தை அரிக்கிற வியாதியோ நின்றுகொண்டே வருகிற வியாதி. சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்கு ராத்திரி பூரா இருமல். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த பிள்ளைக்கு மூச்சு முட்டல். களையெடுத்துக் குனிந்தே கிடந்த பெண்களுக்கு இடுப்பும் முட்டியும் போச்சு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பணக்கார வியாதி என்ற பேச்சு எப்போதோ பொய்யாகிவிட்டது. இந்த வியாதிக்காரர்கள் யாரும் கட்டிலில் படுப்பதில்லை. படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மூன்று நாளைக்கு ஒரு ஊசி, வாரத்துக்கு ஒரு சீட்டு மாத்திரை என்று ஐம்பதும் நூறுமாகப் போகிற காசு வருசக் கடைசியில் ஒரு ஆட்டு விலை. அதற்கு இந்தக் கார்டு உதவாது.

"அதான் கவர்மெண்டு ஆஸ்பத்திரி இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. அதுதான் நமக்கு முதல் காப்பீடு, அதை நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கிக் கொடுக்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மாத்திரை கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் வெளிநோயாளி சீட்டு காலையில் கொடுக்கப்படுகிறது. காலையில் சீட்டுக்கு நின்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் வேலை விட்டு வந்து, பொழுது சாய்ந்தபின் டவுனுக்குள்ளே காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். இலவச மருந்துக்கு ஒரு நாள் கூலி விலை! போன கூலிக்கு எந்தக் கார்டு பதில் சொல்லும்?

பதில் சொல்கிற கார்டு ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் ஈ.எஸ்.ஐ. டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய பேராசிரியர் அதார்கரின் அறிக்கை அந்தக் காலத்தில்தான், 1944இல் வந்தது. அந்த வழியாக 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது, ஆனால் ஈ.எஸ்.ஐ. தொடர்கிறது.

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படுத்தாலும் சிகிச்சை, படுக்காவிட்டாலும் சிகிச்சை. தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் அவரை நம்பி இருக்கிற குடும்பத்துக்கும் மருந்து. வேலைக்குப் போக முடியாத நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். இதற்குத் தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதம் இது. 12,000 ரூபாய் சம்பளக்காரர் மாசம் கட்டுவது 90 ரூபாய், முதலாளி கட்டுவது 390 ரூபாய். குறைந்த காசில் குடும்பத்துக்குக் காப்பீடு எது என்று கேட்ட தோழருக்கு இதுதான் நம் பதில். 90 ரூபாய்க்கு இவ்வளவும் கொடுக்கிற கம்பெனி எதுவும் இல்லை. ஏனென்றால் இது யாருக்கும் லாபத்துக்கு நடத்தப்படுவதில்லை.

ஆகவேதான் முதலாளிகளுக்கு இது கசக்கிறது. பத்துப் பேர் வேலை பார்த்தால் சட்டம் வந்துவிடும் என்று பதிவேட்டில் ஒன்பது பேரைக் காட்டுகிறவர்கள் உண்டு. "நீ காண்ட்ராக்ட் ஆளு, உனக்குக் கிடையாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அது பொய். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் மூல முதலாளி கட்டியாக வேண்டும். நகராட்சியில் குப்பை அள்ளுகிற நம் தாய்மாருக்கும் இது பொருந்தும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பணம் ஈ.எஸ்.ஐ.யில் ஏறியிருக்கிறதா என்று காப்பீட்டு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். நோய்க்காலக் கூலி பெற ஆறு மாதத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்பதால், கட்டாமல் விட்ட ஒவ்வொரு நாளும் நம் வயிற்றில் அடித்த நாள். நம் பக்கத்தில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி சிவகாசியிலும் மதுரையிலும் இருக்கிறது.

முதலமைச்சர் கார்டுக்கு வருமானம் கூடிப்போய், ஈ.எஸ்.ஐ.யும் இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. வருசம் 1,20,000 என்றால் மாசம் பத்தாயிரம். புருசனும் பொண்டாட்டியும் சின்னத் தறிப்பட்டறையில் உழைத்தால் அது தாண்டிவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை இவர்களுக்குத்தான். 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ஷரத்து கொண்ட பாலிசி, விலைதான் மாறும், விசாரித்து வாங்கலாம். பில்லில் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும். குடலிறக்கம், கண்புரை, மூலம் போன்றவற்றுக்கு 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டு என்று 2024இல் விதி வந்தது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. "சுகர் இருக்குன்னு எழுதாதீங்கண்ணே, பிரீமியம் கூடும்" என்று ஏஜெண்டு சொன்னால் கேட்காதீர்கள். மறைத்ததைக் காட்டித்தான் நாளைக்குப் பணம் தர மாட்டேன் என்பான். பேங்கில் வருசம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, அது விபத்தில் செத்தாலோ ஊனமானாலோ வருகிற பணம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது ஆகாது.

இத்தனையும் எண்ணிப் பார்த்தால் ஒரு கூட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிறது. விவசாயக் கூலி, கரிமூட்டக் கூலி, சித்தாள். அதாவது நாம். படுத்தால் நமக்கு 5 லட்சம் வரை உண்டு. படுக்காத வியாதிக்குப் பணமும், படுத்த நாளுக்குக் கூலியும் கிடையாது. 1923 தொடங்கி ஆலைக்காரனுக்கு ஒவ்வொரு சட்டமாக வந்தது. காட்டு வேலைக்காரனை வரப்பிலேயே நிறுத்திவிட்டார்கள். வரப்பில் நிற்பது யார் சாதி என்று தெரிந்ததால்தானே?

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 45ஆம் பிரிவு, அமைப்புசாராத் தொழிலாளருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. பலன்களைத் தருகிற திட்டத்தை மத்திய அரசு வகுக்கலாம் என்கிறது. வகுக்கலாம்! வகுக்க வேண்டும் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. இந்த "லாம்" என்கிற இரண்டு எழுத்துக்குள்ளே நம் உயிர் கிடக்கிறது. டாக்டர் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொருவரும் சம்பளத்துக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்டார். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று அவர் எழுதவில்லை.

எனவே இரண்டு வேலை இருக்கிறது. முதல் வேலை நாளைக்கே தொடங்க வேண்டியது. ஒவ்வொரு காலனியிலும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். யார் வீட்டில் கார்டு இல்லை, ரேசன் கார்டில் யார் பெயர் விட்டுப்போனது, மில்லுக்குப் போகிறவர்களில் யாருக்கு ஈ.எஸ்.ஐ. எண் இல்லை என்று எழுதுங்கள். அப்புறம் அந்த நோட்டோடு சேர்ந்து போங்கள். ஒருத்தராகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். ஐம்பது பேர் போனால் உட்காரச் சொல்வார்கள்.

இரண்டாவது வேலை நீண்டது. கூலி உயர்வு கேட்கிற கூட்டத்தில், பஞ்சமி நிலம் கேட்கிற ஊர்வலத்தில், கிராம சபையில் இந்தக் கோரிக்கையும் சேர்ந்து வர வேண்டும்: காட்டு வேலைக்கும் ஈ.எஸ்.ஐ. வேண்டும், நின்றுகொண்டு வருகிற வியாதிக்கு மருந்தும், படுத்த நாளுக்குக் கூலியும் வேண்டும், சுகாதார நிலையங்களில் வேலை விட்டு வருகிறவனுக்குச் சாயங்காலச் சீட்டு வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எந்தக் கட்சிக்காரனிடமும் இதை எழுதி வாங்குங்கள். "செய்யலாம்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள்.